சுசீந்திரம் – தேரூர் குளக்கரையில் வேடமிட்ட வரலாற்று நடை: உடை, வழி, அனுமதி

நாஞ்சில்_நடை:
எல்லாருக்கும் வணக்கம். சுசீந்திரத்தில் தொடங்கித் தேரூர்க் குளக்கரையில் முடிகிற மாதிரி, வழிகாட்டிகள் பழங்கால உடையில் வரும் ஒரு வரலாற்று நடையைத் திட்டமிடுகிறோம். 2 மணி நேரம், ஒரு குழுவுக்கு 15 பேர், 3 வழிகாட்டிகள். முதல் யோசனை: ஒருவர் மார்த்தாண்ட வர்மா, ஒருவர் கோயில் நாட்டியப்பெண், ஒருவர் ஓலைச்சுவடியும் எழுத்தாணியுமாகக் கணக்குப்பிள்ளை. வழி, நேரம், உடை, அனுமதி நாலையும் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உடைக்குச் செலவு பண்ணத் தயார், ஆனால் வாங்கின பிறகு மாற்ற முடியாது.

பழையாறு:
நேரத்தை முதலில் முடிவு பண்ணுங்க, மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூன், ஜூலையில் தென்மேற்கு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. குளக்கரை களிமண், ஒரு ராத்திரி மழை பெய்தாலே காலையில் வழுக்கும். டிசம்பர் நடுவில் இருந்து மார்ச் வரைதான் நல்ல காலம், பறவைகளும் அப்போதுதான் நிறைய இருக்கும். மார்கழித் திருவிழா 10 நாளும் நடை வேண்டாம். தேரோட்டத்து அன்று ரத வீதியில் 15 பேரைச் சேர்த்து வைத்துப் பேசவே முடியாது.

காலை 6:30-க்குக் கிளம்பி 8:30-க்கு முடிங்க. 9 மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும். பழங்கால வேடம் என்றால் காலில் செருப்பு இருக்காதே, அதை மறந்துடாதீங்க. சாயங்காலம் 4:30-க்குத் தொடங்கினால் வெளிச்சம் அழகாக இருக்கும், ஆனால் கரைக்கு வந்து சேரும்போது இருட்டும், கொசுவும்.

தெப்பக்குளம் முதல் நிறுத்தம். நடு மண்டபம் தெரியும்படி படித்துறை ஓரம் நிற்கலாம். அடுத்து கோபுரத்தின் முன்னால், பிறகு ரத வீதிகள், பிறகு பழையாற்றங்கரை, கடைசியில் குளக்கரை. கோபுரத்தடியில் 7 நிலை, 134 அடி என்று சொல்ல எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், பின்னால் வரும் ஆட்டோவைப் பார்க்க மாட்டார்கள். அங்கே குழுவைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுத்தான் வாய் திறக்கணும். நாகர்கோவில் – கன்னியாகுமரி நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் வழிகாட்டியை நம்பி விடக்கூடாது. வேடமில்லாத ஒரு உதவியாளர் ஒளிரும் மேல்சட்டையோடு குழுவின் வாலில் வரணும். வேடம் போட்டவரைப் பார்த்து வண்டி ஓட்டுபவர்கள் வேகம் குறைப்பார்கள், சிலர் போன் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே ஓட்டுவார்கள். ஆபத்து அங்கேதான்.

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியை:
தம்பி, உடை வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த நடை எந்த வருஷத்தில் நடக்கிறது?

மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் ராஜா. கணக்குப்பிள்ளை எந்தக் காலத்துக்கும் வருவார். நாட்டியப்பெண் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் இன்றைய பரதநாட்டிய மேடை உடை. மூவரும் ஒரே தெருவில் நின்றால் பார்ப்பவர்கள் மனதில் காலமே குழம்பிவிடும். ராஜா வேடம் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பொருந்தும், டச்சுக்காரரை அவர் வென்ற குளச்சல் போரைச் சொல்வதானால் உதயகிரிக் கோட்டைக்குப் பொருந்தும். சுசீந்திரம் தெருவின் வரலாறு வேறு.

என் யோசனை 1926. ஏன் என்றால், அந்த வருஷம்தான் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம். இ. நாயுடு முன்னின்று சுசீந்திரம் சத்தியாக்கிரகத்தை நடத்தினார். வைக்கம் சத்தியாக்கிரகம் முடிந்து சில மாதங்களில் இங்கே தொடங்கியது. கோயிலுக்கு உள்ளேயே போக வழி பிறந்தது 10 வருஷம் கழித்து, 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தில். மருமக்கள்வழி, அதாவது சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் சொத்துரிமையை மாற்றிய நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் அதே 1926 தான். அப்போது நம் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது, ஆட்சி நடத்தியவர் ரீஜெண்ட் மகாராணி சேது லட்சுமி பாயி. தேவதாசி முறை இன்னும் இருந்தது, 1930-ல்தான் இந்தப் பகுதியில் நின்றது. ஒரே வருஷத்தில் தெரு, குடும்பம், கோயில் மூன்றும் அசைந்து கொண்டிருக்கின்றன. நடந்து காட்டுவதற்கு இதைவிடச் செறிவான வருஷம் நம் ஊருக்குக் கிடையாது.

கிழக்குத்தெரு_மணி:
அக்கா சொல்வது சரி, ஆனால் வெளியூர்க்காரர் காசு கொடுத்து வருவது ராஜாவையும் வாளையும் பார்க்க. கதர் சட்டை போட்ட ஆளைப் பார்க்க யார் வருவார்?

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியை:
வருவார்கள் மணி, தெருவைக் காட்டினால் வருவார்கள். ரத வீதி திரும்பும் மூலையில் குழுவை நிறுத்துங்கள். வழிகாட்டி அங்கேயே, தெருவுக்குள் கால் வைக்காமல், இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று சொல்லட்டும். 2 நிமிடம் போதும். அப்புறம் எதுவும் பேசாமல் எல்லாரும் சேர்ந்து தெருவுக்குள் நடக்க வேண்டும். வாள் வேண்டாம், வசனமும் வேண்டாம். அந்த இடத்தில் பேச்சைத் தொடர்ந்தால் எல்லாம் கெட்டுவிடும். கேள்விகளைத் தெருவின் மறுமுனையில் கேட்கச் சொல்லுங்கள்.

கோஷம், கொடி, பதாகை எதுவும் கூடாது. மரியாதைக்காகவும் சொல்கிறேன், சட்டத்துக்காகவும் சொல்கிறேன். அவை வந்த நிமிடமே அது நடை இல்லை, ஊர்வலம்.

வடசேரி_தறி:
1926 என்று முடிவானால் உடை எளிது, மலிவும்கூட. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சத்தியாக்கிரகத் தொண்டர்: கை நூற்பு, கை நெசவுக் கதர். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் வழவழப்பான வெளுத்த கதர் எடுக்காதீங்க. திரித்திரியாக நூல் தெரியும், பழுப்பு கலந்த வெள்ளைத் துணி கேளுங்க. தைப்பதற்கு முன்னால் துணியை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போடணும். இல்லாவிட்டால் முதல் சலவையில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும். சட்டை முழங்கால் வரை வரும் ஜிப்பா மாதிரி, பக்கத் திறப்போடு. பிளாஸ்டிக் பொத்தான் வைத்தால் படத்தில் பளிச்சென்று தெரியும். துணிப் பொத்தான் அல்லது சிரட்டைப் (தேங்காய் ஓட்டு) பொத்தான் வையுங்க.

வேட்டி: 4 முழ ஒற்றை வேட்டி கட்டி 2 மணி நேரம் நடந்தால் கண்டிப்பாக நழுவும். 8 முழ இரட்டை வேட்டிதான் நிற்கும். பளபளக்கும் ஜரிகைக் கரை வேண்டாம், மெல்லிய நூல்கரை போதும். இடுப்பில் ஒட்டிக்கோ வேட்டி கட்டினால் மடித்துக் கட்டும்போது கரகரவென்று சத்தம் வரும், வேடம் அங்கேயே கலைந்துவிடும். உள்ளே 2 விரல் அகலத் துணிவாரால் ஒரு கட்டு, அதன் மேல் வேட்டியின் மடிப்பை ஒரு சுருட்டு உள்ளே செருகினால் அசையாது. கஞ்சி போடுங்க, ஆனால் கெட்டியாகப் போட்டால் குளக்கரை ஈரத்தில் பிசுபிசுக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வடிகஞ்சி, வடிகட்டி ஊற்றினால் போதும்.

பெண் வழிகாட்டிக்கு முண்டும் நேரியதும் (இடுப்புக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று என இரண்டு துண்டு உடை), புளியிலைக்கரை என்னும் மெல்லிய கரையோடு. மேலே முழங்கை தொடும் சட்டை. அலங்காரத்துக்குப் பாம்படம் மாதிரி காதணி வேண்டுமானால் உலோகத்தில் செய்யாதீங்க. அது வளர்த்த காதுக்கு உள்ள நகை, இன்றைய காது அந்த எடையைத் தாங்காது. காகிதக்கூழில் செய்து, மேலே பித்தளை வண்ணம் அடித்து, காது மடலின் மேல்பக்கமாக ஒரு கறுப்பு நூலைச் சுற்றித் தொங்கவிட்டால் எடை மடலில் விழாது. நூலைக் கூந்தல் மறைக்கும்.

கல் பதித்த கோயில் நகைக்கு வடசேரிதான் ஊர், புவிசார் குறியீடும் உண்டு. அதற்காக அதை எல்லார் கழுத்திலும் மாட்ட வேண்டாம். 1926-ல் தெருவில் போகிற பெண் அதை அணியவில்லை.

நாஞ்சில்_நடை:
ராஜா வேடத்தை விட்டுவிடுகிறோம். 1926 வைத்துக்கொள்கிறோம். ஓலைச்சுவடிக் கணக்குப்பிள்ளை அந்த வருஷத்துக்குச் சரியா? தோள்சீலைப் போராட்டத்தை உடையிலேயே காட்டலாமா?

பழையாறு:
கணக்குப்பிள்ளையைக் காகிதக் கணக்கோடு உட்காரவைங்க. 1926-ல் தாலுகா ஆபீசில் எல்லாம் காகிதமும் மைப்பேனாவும்தான். எழுத்தாணியைப் பழைய பத்திரம் காட்டுவதற்காக ஒரு பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். நுனியை அரத்தால் மழுக்கிடுங்க, பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்ப்பார்கள்.

அதைவிட நல்ல ஆள் அஞ்சல்காரர். திருவிதாங்கூருக்கு அஞ்சல் என்று சொந்தத் தபால் துறை இருந்தது, 1951-ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. மணி கட்டின கம்போடு ஓடிவருவார், மணிச்சத்தம் கேட்டு வழி விடுவார்கள். குழுவை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்த அவரைப் போல யாரும் கிடைக்க மாட்டார்கள். கத்திக் கூப்பிட வேண்டாம், மணி அடித்தால் எல்லாரும் பின்னால் வருவார்கள்.

காசும் கையில் கொடுங்க. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் (திருவிதாங்கூர்) ரூபாய், அதாவது 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். இந்த அரைச் சக்கரத்தைச் சொன்னால் போதும், தனி நாடு என்பது எல்லாருக்கும் உடனே புரிந்துவிடும். ரயிலைப் பற்றிப் பேசிடாதீங்க, நாகர்கோவில் பக்கம் பாதை வந்ததே 1979-ல்.

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியை:
தோள்சீலை பற்றிக் கேட்டீர்கள். இதுதான் இந்த நடையிலேயே கனமான இடம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நம் மாவட்டத்தில் உடை வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. யார் எந்தத் துணியை எப்படிப் போர்த்தலாம் என்பதற்கு அரசாணை இருந்த மண் இது. 1820-களில் தொடங்கி 1859 வரை பெண்கள் மேலே ஒரு துணி போடுவதற்காக அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 பிரகடனம்கூட முழு விடுதலை இல்லை. நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் என்ற சட்டை போடலாம், கடற்கரைப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போலப் போடக்கூடாது என்றுதான் அது சொன்னது. இந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு "1859-ல் உரிமை கிடைத்தது" என்று முடித்துவிட்டால் அது பாதி வரலாறு.

இதை உடம்பில் காட்டவே கூடாது. யாரையும் அரைகுறை உடையில் நிறுத்துவது, பார்வையாளர்களில் ஒருவரைக் கூப்பிட்டு "நீங்கள் இப்போது தாழ்த்தப்பட்டவர், தள்ளி நில்லுங்கள்" என்பது, இரண்டும் வேண்டாம். குழுவில் நிற்பவரின் பாட்டிக்கே அது நடந்திருக்கலாம். வழிகாட்டிகளின் சாதி பார்த்து வேடம் பிரித்துக் கொடுப்பதும் கூடாது, நம் ஊரில் பெயரையும் ஊரையும் வைத்தே கணக்குப் போட்டுவிடுவார்கள். வேடங்களை மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

காட்ட வேண்டியது துணியை. ஒரு குப்பாயத்தைத் தைத்து, யாரும் அணியாமல், மூங்கில் கம்பில் மாட்டிக் கையில் கொண்டுவாருங்கள். தளர்வான பருத்திச் சட்டை, குட்டைக் கை, கழுத்து வட்டமாக மூடியது. 1826-ல் இருந்தவர் மேலே துணி போட்டதற்கு அடி வாங்கினார், 1926-ல் நம் வழிகாட்டி அதே தெருவில் முழங்கைச் சட்டையோடு நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் 100 வருஷம் தெரிந்துவிடும். நாகர்கோவிலில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததையும் இங்கேயே சொல்லலாம். உடையும் கூலியும் ஒன்றாக வந்த கதை அது. கழுத்தில் ஒரு விரல் அகலம் லேஸ் தைத்து வைத்தால், எல்லாரும் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

கிழக்குத்தெரு_மணி:
கைமுக்கு? கொதிக்கிற நெய்யில் கையை விட்டு நிரூபிக்கச் சொன்ன கதை. சுசீந்திரம் என்றால் எல்லாரும் கேட்பது அது. பாத்திரம் ஒன்று அடுப்பில் வைத்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

பழையாறு:
நெருப்பு வேண்டாம் மணி. வேட்டி, நேரியது எல்லாம் பருத்தி, காலைக் காற்றில் பறக்கும். சொல்லிவிட்டுப் போகலாம்: பிறன்மனைக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைச் சோதிக்கும் முறை, திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்பட்டது. 1926 வேடத்தில் நிற்பவர் அதைத் தாத்தா காலத்துக் கதையாகச் சொன்னால் பொருந்தும். 3 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீங்க, இழுத்தால் கேட்டவர்களுக்கு மனசில் அது மட்டும்தான் நிற்கும்.

கரைக்கொக்கு:
குளத்தைப் பற்றி யாரும் இன்னும் சரியாகப் பேசவில்லையே. அழகான ஏரிக்கரை என்று கூட்டிக்கொண்டு வந்து இரைச்சல் போட்டால் இருக்கிறதும் போய்விடும்.

சுசீந்திரம் – தேரூர் சதுப்புநிலத் தொகுதி 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 94 ஹெக்டேர் சொச்சம். மத்திய ஆசியப் பறவைப் பாதையில் இந்திய நிலப்பரப்பின் தெற்கு முனை, அதற்கு அப்பால் கடல்தான். ஆனால் இது காட்டு ஏரி இல்லை, மனிதர் வெட்டிய பாசனக் குளம். 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் பசுங்குளம், வெஞ்சிக்குளம், பெருங்குளம் என்று இந்தப் பகுதிக் குளங்களின் பெயர் வருகிறது. உங்கள் வரலாற்று நடையில் கோயில் கோபுரத்துக்குச் சமமாக நிற்க வேண்டிய பழைய கட்டுமானம் இந்தக் கரைதான். மடை எங்கே, மிகுநீர் வெளியேறும் மறுகால் எங்கே, தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்று கையால் காட்டுங்கள். பேச்சிப்பாறை அணை 1906-ல் வந்த பிறகு குளங்களுக்கு வரும் தண்ணீரின் கணக்கே மாறியது, 1926 ஆளுக்கு அது 20 வருஷச் செய்தி. நாஞ்சில்நாட்டு விவசாயியாக ஒருவர் மண்வெட்டியோடு கரையில் நின்றால் இதை எல்லாம் இயல்பாகப் பேசலாம்.

இனி நடைமுறை. கரையில் ஒற்றை வரிசை. வழிகாட்டி முன்னால் நின்று பேசினால் கடைசி 5 பேருக்குக் கேட்காது, குரலை உயர்த்துவார், பறவை எழும்பும். வரிசை நின்ற பிறகு அவர் நடுவுக்கு வந்து, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, சாதாரணக் குரலில் பேசட்டும். ஒலிபெருக்கி, மேளம் கூடாது. அஞ்சல்காரரின் கம்பு மணியைக் குளத்துக்கு வரும் முன் ஒரு துணித்துண்டால் சுற்றிக் கட்டிவிடுங்கள். வெளுத்த வெள்ளை வேட்டி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். வடசேரி அண்ணன் சொன்ன பழுப்புக் கதர் இங்கேயும் உதவும்.

கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான் மூன்றும் எளிதில் கண்ணில் படும். கழுத்தை நீட்டி எல்லாம் ஒரே திசையில் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் ரொம்பப் பக்கம் வந்துவிட்டீர்கள், 10 அடி பின்வாங்குங்கள். படம் எடுக்க வேடதாரியைத் தண்ணீர் ஓரம் இறக்காதீர்கள், தாமரை இலைக்கடியில் சேறு முழங்கால் வரை இழுக்கும். டிரோன் நினைக்கவே வேண்டாம்.

தோவாளைப்_பூ:
தாமரை என்றதும் ஒன்று. குளத்துத் தாமரை குத்தகைக்காரருடையது. நடை வருபவர்கள் ஆசைக்கு ஒரு மொட்டு பறித்தாலும் சண்டை வரும். முன்னாடியே குத்தகைக்காரரிடம் பேசி, அவர் பறித்த பூவையே விலைக்கு வாங்கி ஆளுக்கு ஒன்று கொடுங்கள், அவருக்கும் வருமானம்.

சட்டப்புத்தகம்:
அனுமதி விவரம். கோயில் அறநிலையத் துறையில் இருக்கிறது, மாவட்டத் திருக்கோயில்களின் இணை ஆணையர் அலுவலகம் சுசீந்திரத்திலேயே உண்டு. உள்ளே வேடத்தில் வழிகாட்டுவதற்குக் கேட்காதீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், படம் எடுக்கவும் கூடாது, உங்கள் ஜிப்பா வாசலோடு நின்றுவிடும். நடையை வெளியிலேயே முடித்துவிட்டு, 18 அடி அனுமனையும் இசைத்தூண்களையும் பார்க்க விரும்புகிறவர்கள் பக்தர்களாகத் தனியே போகட்டும். நடுப்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கும், அதையும் சொல்லி அனுப்புங்கள்.

குளக்கரைக்கு வனத்துறை, நீர்வளத்துறை இரண்டுக்கும் கடிதம். தெருவுக்கு உள்ளூர் காவல் நிலையம், பேரூராட்சி. கடிதத்தில் நாள், நேரம், வழி, ஆள் எண்ணிக்கை, "ஒலிபெருக்கி இல்லை, கோஷம் இல்லை, கொடி இல்லை" என்று வரிவரியாக எழுதுங்கள். முத்திரை வைத்த நகல் வழிகாட்டியின் துணிப்பையில் எப்போதும் இருக்கணும். போலீஸ் வேடம் யாருக்கும் வேண்டாம், பழங்காலத்துப் போலீசாக இருந்தாலும். சத்தியாக்கிரகக் கதைக்கு அது தேவை என்று தோன்றும், ஆனால் தெருவில் லத்தியோடு ஒருவர் நின்றால் விளக்கம் சொல்லி மாளாது.

கிழக்குத்தெரு_மணி:
குடிக்க, கழிப்பறை?

பழையாறு:
கழிப்பறை கோயில் பக்கத்தில் மட்டும், அதனால் கிளம்புவதற்கு முன்னால் அறிவிச்சிடுங்க. கரையில் ஒன்றும் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். கடைசியில் கருப்பட்டிக் காப்பி கொடுங்க, பனை நம்ம ஊர் வரலாற்றில் பாதி. சீசனில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் வெயில் ஏறும் முன் கொடுத்து முடிச்சிடணும், புளிக்கத் தொடங்கும். பனையேற்றுக்காரர் வேடம் போட ஆசைப்பட்டால், ஏறும்போது கொண்டுபோகும் முருக்குத்தடியும் அருவாப்பெட்டியும் கையில் காட்டினால் போதும். ஏறிக் காட்ட அந்தத் தொழில் செய்பவரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்க.

நாஞ்சில்_நடை:
எல்லாருடைய விவரத்தையும் சேர்த்து இப்படி வைத்திருக்கிறோம். தெப்பக்குளத்தில் அஞ்சல்காரர், காசு விளையாட்டு, 15 நிமிடம். கோபுரத்தின் முன் 10. ரத வீதி மூலையில் கதர்த் தொண்டர், பேசாமல் தெரு நடை, மறுமுனையில் கேள்விகள், 25. பழையாற்றங்கரையில் குப்பாயமும் லேஸும், பெண் வழிகாட்டி, 20. குளக்கரையில் விவசாயி, மடை, பறவை, 30. மீதி நடக்கும் நேரம். தேரூர் கவிஞர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் என்பதை எங்கே சொல்வது?

அகஸ்தீஸ்வரம்_ஆசிரியை:
கடைசியில், கரையில். அவர் பிறந்தது 1876, உங்கள் நடையின் வருஷத்தில் 50 வயது. மருமக்கள்வழியின் கேட்டைப் பாடியவர், அதனால் 1926 சட்டத்தை அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். கவிமணி வேடம் மட்டும் யாருக்கும் போடாதீர்கள். பாட்டில் 4 வரி மனப்பாடமாகச் சொன்னால் போதும், விவசாயி வேடத்தில் இருப்பவரே சொல்லட்டும்.

இன்னொன்று. குப்பாயத்தைப் பழையாற்றங்கரையில் வைக்காமல் ரத வீதிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். துணிக்கான போராட்டம் முதலில், தெருவுக்கான போராட்டம் அடுத்து. வருஷ வரிசையும் அதுதான், மூலையில் நின்று தெருவைப் பார்க்கும்போது கனமும் கூடும்.

வடசேரி_தறி:
குப்பாயத்துக்கு ஒன்றரை மீட்டர் கோராத் துணி (வெளுக்காத பருத்தி) போதும். இரண்டு தைத்து வையுங்க, தொட்டுத் தொட்டு ஒன்று சீக்கிரம் அழுக்காகும்.

நாஞ்சில்_நடை:
சரி அக்கா, வரிசையை மாற்றிவிட்டோம். கடிதங்கள் இந்த வாரம் போகும். ஜனவரி முதல் ஞாயிறு, வேடம் இல்லாமல் வழிகாட்டிகள் மட்டும் கடிகாரம் வைத்து ஒருமுறை நடந்து பார்க்கிறோம். நெடுஞ்சாலை கடக்கும் இடத்துக்கு ஒளிரும் சட்டை 2 வாங்கியாகிவிட்டது.